அடையாளம் மட்டும் எழுதிய நோட்டு

அன்பிய ஜெபக்கூட்டத்துச் சகோதர சகோதரிகளே, என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்ததாக உங்களிடம் சொல்லியிருந்தேன். அது பொய். அவர் எய்ட்ஸ் வந்து இறந்தார். அந்தக் கிருமி என் இரத்தத்திலும் இருக்கிறது. இத்தனை வருஷம் உங்களோடு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன், இதை மட்டும் முழுங்கிக்கொண்டேன். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் போன பிறகு ஒரு டாக்டரம்மா என்னைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். இங்குள்ள கல்லூரி ஒன்றும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. நோயுள்ள இருபது பெண்களை அவ்வப்போது வரவழைத்து இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரையும் அங்கேயே கொடுத்தார்கள். வெளியில் வாங்க எங்களில் ஒருத்திக்கும் வக்கில்லை. அந்த இருபது பேரில் நானும் ஒருத்தி. கூடவே வேலையும் எனக்குத் தந்தார்கள். கடலோரம் வைத்திக்குப்பத்திலிருந்த மற்றப் பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, பரிசோதனை நாளை நினைவுபடுத்த வேண்டும்.

யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க, நைட்டி விற்பவள்போல் கையில் மூட்டையோடு போவேன். குப்பத்தில் எல்லாருக்கும் நான் நைட்டிக்காரி. "கதவு நம்பரையாவது குறிச்சு வைம்மா" என்று டாக்டரம்மா பலமுறை சொன்னார். நான் கேட்கவில்லை. நோட்டு யார் கையிலாவது சிக்கினால் அந்தப் பெண்களின் மானம் போய்விடுமே. 'பச்சைப் படகுக்கு எதிரில்', 'முருங்கை மரத்துக்குப் பின்னால் இரண்டாவது கொட்டாய்', இப்படித்தான் எழுதினேன். ஆபீஸ் பாரத்திலும் முக்கால்வாசிப் பேர் பொய்ப் பெயரும் பொய் விலாசமும்தான் கொடுத்திருந்தார்கள். என்னைவிட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர்.

பிறகு சுனாமி வந்தது. படகும் போனது, முருங்கையும் போனது, கொட்டாயும் போனது. உயிர் தப்பியவர்கள் தகரக் கொட்டகைகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் சிதறிப்போனார்கள். பரிசோதனைக்கு ஒருத்தியும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

"கிராண்ட் இந்த மாசத்தோட முடியுதும்மா. மேல நடத்தக் கூடுதலா நிதி கேட்டிருக்கேன். பணம் குடுக்குறவங்க, நம்ம பொண்ணுங்க இன்னும் நம்மகிட்ட இருக்காங்களான்னு கேக்குறாங்க. பாதிப் பேராவது வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து ரத்தம் குடுக்கணும். இல்லன்னா மூட வேண்டியதுதான். எங்க இருக்காங்க எல்லாரும்?"

நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாலு நாள் கொட்டகை கொட்டகையாக நடந்தேன். யாரிடமும் விசாரிக்க முடியாது. விசாரித்தாலே காட்டிக்கொடுத்ததாகிவிடும். எங்கள் இருபது பேரில் கண்ணில் பட்டவள் செல்வி ஒருத்திதான். மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடி, "வெள்ளிக்கிழமை வந்துடு செல்வி. நீங்கல்லாம் வரலன்னா மாத்திரை நின்னுடும்" என்று காதோடு சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போனேன். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று என் கணவரைப் பார்த்துத் தெரிந்தவள் நான். உயிர்ப் பயம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முழந்தாளிட்டு அழுதேன். "ஆண்டவரே, அவங்க இருக்கிற எடம் எனக்குத் தெரியல, உமக்குத் தெரியும். என் திமிருக்காக அவங்கள சாகவிட்டுடாதேயும்." வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணி வரை பெஞ்சு காலியாக இருந்தது. எனக்கும் நோயென்று பெண்களுக்குத் தெரியக்கூடாதென்று, எப்போதும்போல் நான் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. செல்வி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஆறு பேர். அடுத்த ஆட்டோவில் இன்னும் ஏழு பேர். எல்லாம் எங்கள் பெண்கள்.

"எப்பிடி செல்வி இவங்களத் தெரியும் உனக்கு?"

"இதே பெஞ்சுலதானக்கா ஒருத்திய ஒருத்தி பாக்காத மாதிரி உக்காந்திருந்தோம். அது போதாதா? மீன் விக்கிற சாக்குல ஒவ்வொருத்தியா தேடிப் போனேன். நைட்டிக்காரி கூப்புடுறான்னு சொன்னேன். கெளம்பிட்டாளுங்க."

செல்வி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்னையும் எங்களுக்குத் தெரியும்க்கா. அந்தத் தண்ணிக் கொடத்துகிட்ட திரும்பி நின்னு நீ மாத்திரை முழுங்குறத எத்தினி தடவ பாத்திருக்கோம். யாராச்சும் வெளிய சொன்னோமா? எதுக்கு நின்னுகினே இருக்க, வந்து உக்காரு."

அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நான் மேஜையைச் சுற்றி வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர்களுடைய இரகசியத்தை நான் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன். என்னுடையதை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே கூடுதல் நிதி வந்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். மாத்திரை ஒரு நாளும் நிற்கவில்லை. அதனால்தான் இன்று உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. செல்வியும் நானும் அன்றிலிருந்து மாத்திரையை ஒன்றாகத்தான் வாங்கப் போகிறோம், பேசிக்கொண்டே.

இதைக் கேட்ட பிறகு என் வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிப்பவர்கள் யோசிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்களில் யாராவது என்னைப்போல் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு தனியாக அழுதுகொண்டிருந்தால், ஆண்டவரை நம்புங்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நான் நகர்ந்து இடம் விடுகிறேன்.