ஐந்தருவிக் குரங்கு காட்டிக்கொடுத்த விரிசல்

இந்த வருடம் ஆனி மாதக் கடைசியில் மதுரையிலிருந்து மூன்று பேர் காரில் கிளம்பினோம். திரும்பி வந்தது பஸ்ஸில். வழக்கம்போல தூரம், நேரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த வலைப்பூவைப் படித்துவிட்டுப் பழைய காரில் கை வைத்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து பாதியில் மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு: என்னிடம் 1954 மாடல் அமெரிக்க கார் ஒன்று இருக்கிறது. நான்கு கதவு, படகு மாதிரி நீளம். கம்பெனி பெயரை எழுதினால் பின்னூட்டத்தில் சண்டை வருகிறது, அதனால் எழுதுவதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தரகர் மூலம் வாங்கினேன். எஸ்டேட் முதலாளி ஒருவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி என்றார், நானும் வாயைப் பிளந்து நம்பினேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் காருக்கு அடியில்தான். இந்தக் காருக்கே வாக்கப்பட்டிருக்கலாம் என்பார் என் கணவர் சேகர். கொச்சியில் நடக்கும் பழைய கார்களின் அணிவகுப்புக்கு இந்த முறைதான் முதன்முதலாகப் பெயர் கொடுத்திருந்தேன். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து போவதாகத் திட்டம்.

காலை 5.10க்குப் புறப்பட்டோம். ராஜபாளையத்தில் 7.40க்கு டிபன், மூன்று பேருக்கு 290 ரூபாய், வடை சுமார்தான். தென்காசிக்கு 10.15க்குச் சேர்ந்தபோது மீட்டரில் 160 கிலோமீட்டர். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான் கொடுக்கும், ஆகவே பெட்ரோல் மட்டும் 3,300 ரூபாய். நான்தான் ஓட்டினேன், நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் திவ்யா பின் சீட்டில், கூரையைத் தாங்கும் தூணில் தலையைச் சாய்த்து வழி முழுக்கத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

குற்றாலம் ரோட்டில் அறை 1,800 ரூபாய். சீசனில் இதற்குக் கீழே தேடினால் பாத்ரூமைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஐந்தருவியில் சாரலும் வெயிலும் மாறி மாறி அடித்தன. பெண்கள் பக்கம் வரிசை வேகமாக நகர்ந்தது. நாற்பது நிமிடம் தலையைக் கொடுத்து நின்றேன், பிடரி வலி ஓடிப்போனது. வெளியே ரம்புத்தான் வாங்கி, தோலை உரித்துக்கொண்டே காருக்கு வந்தபோது மணி 1.20.

கார் மேல் ஏழெட்டுக் குரங்குகள். பெரியது ஒன்று மரத்திலிருந்து தொப்பென்று கூரையில் குதித்தது. சாதாரணமாக டங்கென்று கேட்க வேண்டும். கேட்டதோ கதவு முறிகிற மாதிரி ஒரு சத்தம். விரட்டிவிட்டுப் பார்த்தால், பின் தூணில் என் கையால் மெழுகு போட்டுத் தேய்த்த பெயின்ட் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, உள்ளேயிருந்த பட்டி பொரபொரவென்று கொட்டிக் கிடந்தது. பட்டி என்றால் பெயின்டுக்கு முன் மேடுபள்ளத்தை நிரவப் பூசுவார்களே, அந்த மாவு. அடியில் தகரம் தெரிய வேண்டிய இடத்தில் விரல் உள்ளே போனது.

பார்க்கிங்கில் இருந்தவரிடம் விசாரித்து, ஆறு கிலோமீட்டர் திரும்பித் தென்காசியில் செல்லத்துரை அண்ணாச்சியின் டிங்கரிங் பட்டறைக்கு 2.30க்குப் போனோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. சுற்றி வந்து, பின் சீட்டைத் தூக்கச் சொன்னார். அதன் அடியில், வண்டியின் தரையில் நான்கு துளைகள் உண்டு. அவை பழைய ரேடியோ பெட்டிக்கான துளைகள் என்று இதே வலைப்பூவில் நான் விளக்கமாக எழுதியிருக்கிறேன். அண்ணாச்சி அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை உட்காரும் உயர சீட்டை முடுக்கிய இடம் இது என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் சுரண்டை, கடையம், செங்கோட்டை எங்கும் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலம் திறந்த காரில்தான். திறந்த காருக்கு எங்கே போவது? கிடைத்த அமெரிக்க காரின் கூரையை அறுத்துவிடுவார்கள்.

“மூடுன கார்ல போனா மாப்பிள்ளைய யாரு பாப்பாவ? நானே மூணு வண்டி அறுத்திருக்கேன் மேடம். இது நான் அறுத்ததான்னு கேட்டா சொல்லத் தெரியல. ஆனா அறுத்த வண்டிதான். மேல இருக்கது வேற ஏதோ வண்டியோட கூரை.”

நான் சண்டை போட்டேன். கைப்பேசியில் இருந்த பழைய படங்களைக் காட்டினேன். ஐந்து வருடமாக இதன் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும் என்றேன். சரி, விரிசல்தானே, கொச்சிக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

அண்ணாச்சி வண்டியின் ஒரு மூலைக்கு அடியில் ஜாக்கி வைத்து ஏற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூணில் இருந்த விரிசல் வாயைத் திறந்தது. பின் கதவு யாரும் தொடாமல் தானாகத் திறந்துகொண்டது. அவர் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து விரிசலில் விட்டார், அது முழுசாக உள்ளே போனது. மற்றத் தூண்களிலும் அப்படித்தான். அங்கங்கே ஒரு பொட்டு வெல்டிங், மிச்சமெல்லாம் பட்டி.

“கூரை வண்டியோட சேந்து இல்ல மேடம், சும்மா உக்காந்திருக்கு. மலை வளைவுல ஒரு தடவ உருண்டுச்சுன்னு வைங்க, உள்ள இருக்க ஆளுக மேலதான் விழும்.”

திவ்யா தலை சாய்த்துத் தூங்கிய தூண் அது.

அதோடு விட்டிருந்தால் தரகரைத் திட்டித் தீர்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்திருப்பேன். அண்ணாச்சி தூணிலிருந்து உதிர்ந்த பட்டியைக் கையில் அள்ளிக் காட்டினார். அடியில் இருந்தது செங்காவி நிறம், மேலே ஒரு அடுக்கு வெள்ளை.

“கீழ இருக்கது பழசு, வித்தவன் வேலை. மேல இருக்க வெள்ள, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டது. இத யாரு போட்டா?”

சேகர் என்னைப் பார்த்தார். நான்தான் போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரிந்தது. வயதான வண்டி என்று நினைத்து, தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்தேன். ஏன் கீறுகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அழகாக வந்ததே என்று பூரித்துப்போனேன்.

கொச்சிப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. உள்ளே இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய எப்படியும் கூரையை இறக்கியாக வேண்டும், இருபது நாளாகும் என்றார் அண்ணாச்சி. இறக்குங்கள் என்றேன். வெட்ட வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை, முக்கால் மணி நேரம்தான். நான்கு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, இட்லிச் சட்டி மூடியை எடுப்பதுபோல் எடுத்துச் சுவரில் சாய்த்தார்கள். அவ்வளவு லேசாக வந்ததைப் பார்த்துத்தான் நான் அழுதேன். மறுநாள் காலை ஏழு மணி பஸ், டிக்கெட் ஆளுக்கு 140 ரூபாய்.

இனி பயனுள்ள விஷயம். பழைய கார் வாங்குகிறவர்கள், வைத்திருப்பவர்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கூரைத் தூண்கள் மேல் நகர்த்திப் பாருங்கள். தகரத்தில் பிடிக்கும், பட்டி கனமாக இருந்தால் நழுவும். ஒரு மூலையை ஜாக்கியில் ஏற்றிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் அது வயசுக் கோளாறு இல்லை. அதே இடத்தில் கீறல் மறுபடி வந்தால் பூசாதீர்கள், சுரண்டுங்கள்.

அந்தக் கீறலை மறைத்த விதத்தை அப்போதே படிப்படியாக, படங்களோடு இங்கே எழுதினேன். “விரிசலா? ஒரே மதியத்தில் சரிசெய்யலாம்” என்பது தலைப்பு. அதை அழிக்கவில்லை, மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறேன். அழித்தால் பின்னூட்டங்களும் போய்விடும், அதில் ஒன்று எனக்கு வேண்டும். விருதுநகர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், பச்சை நிற அமெரிக்க கார் வைத்திருப்பவர், என் முறைப்படியே பின் தூணில் பட்டி பூசியதாகவும் கீறல் போன இடம் தெரியவில்லை என்றும் போன மாதம் நன்றி சொல்லியிருக்கிறார். பள்ளி லீவு விட்டதும் பிள்ளைகளோடு கொடைக்கானல் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறார். அதற்கு நான் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருக்கிறேன். ஊருக்கு வந்ததிலிருந்து மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை.

ஐயா, நீங்கள் இதைப் படித்தால் வண்டியை எடுக்காதீர்கள். என்னைத் திட்டியாவது கீழே ஒரு வரி எழுதுங்கள்.