வியாழக்கிழமை எண்கள்

வீட்டில் அவளுக்கு மூக்கி என்று பெயர். மூக்கு பெரிதென்று இல்லை, அதன் வேலை பெரிது. மூடி வைத்த பாலைத் திறக்காமலே திரிந்துவிட்டது என்பாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்று எத்தனை சிகரெட் என்று கேட்பாள். அவர் பாவம், மகளுக்குப் பயந்தே அந்தப் பழக்கத்தை விட்டார்.

இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு செண்டு கம்பெனிக்குப் போக வேண்டும் என்றுதான் வேதியியல் படித்தாள். கிடைத்ததோ மருத்துவமனையின் பின்கட்டில், ரத்தமும் சிறுநீரும் வந்து குவிகிற உயிர்வேதியியல் ஆய்வகம். "செண்டு போடப் போறேன்னு போனவளுக்கு வாய்ச்சதைப் பாரேன்" என்று தையற்கடை வைத்திருந்த தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருஷம் இருந்து பார்ப்போம் என்று போன மூக்கி, முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டாள்.

அவளைப் பிடித்து உட்கார வைத்தது நைட்ரஜன். நாம் தின்கிற பருப்பு, பால், முட்டை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிச்சம் அம்மோனியாவாகிறது. அது விஷம். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். எங்கோ ஒரு குழந்தைக்கு மட்டும் அந்த வேலை நடப்பதில்லை. பால் குடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் விஷம் மூளைக்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் ரத்தத்தை, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவள் அளந்தாள். எண் வந்தபோது குழந்தை இல்லை. அன்றிலிருந்து, எண் சீக்கிரம் வர வேண்டும், சரியாக வர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் எல்லாம் காத்திருந்து காத்திருந்து தங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

காலை ஏழு மணிக்கெல்லாம் ஆய்வகத்தைத் திறப்பாள். ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயை அப்போதே அளந்து, மற்றவர்கள் வருவதற்குள் கருவியைத் தயாராக வைத்துவிடுவாள். "நம்ம அக்கா வந்துதான் சூரியனை எழுப்புறாங்க" என்பார்கள் உடன் வேலை செய்தவர்கள். அந்தச் சுறுசுறுப்பில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதுதான் காலை வாரிவிட்டது.

இந்த நோயில் ஒரு பிள்ளையை இழந்த வீடுகளின் அடுத்த பிள்ளைகளுக்கு வியாழக்கிழமைதோறும் சோதனை நடக்கும். அங்கே பஸ் கண்டக்டராக இருந்த ஓர் அம்மா வருவாள். மூத்த பையனை மூன்றாம் நாளே பறிகொடுத்தவள். இரண்டாவது ஒரு பெண். இரண்டு வயதில் முதன்முதலாகச் சோதித்தபோது அம்மோனியா கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அடுத்த தடவையும் அப்படியே. குழந்தை மருத்துவர் முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, பாலையும் அளந்து கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணோடு இன்னும் ஆறு பிள்ளைகளையும் சேர்த்து, இந்த நோய் லேசாகவும் வரும் என்று மூக்கி ஒரு கட்டுரை எழுதினாள். பெயர் வந்தது. துறைத்தலைவி நாற்காலியும் அவளுக்குத்தான் என்று பேச்சு. அந்தப் பெண்ணோ நாலு வயதிலும் இரண்டரை வயது உயரத்தில் நின்றாள்.

ஒரு வியாழன் காலை பத்து மணி. மூக்கி வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்கத் தங்கை வந்தாள். கதவைத் திறந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, என்னக்கா இது! கண்ணெல்லாம் எரியுது. எப்படி உள்ள உட்கார்ந்திருக்க?"

"என்னடி எரியுது?"

"அம்மோனியாக்கா! உனக்கு நெடி தெரியலையா? நிஜமாவா?"

மூக்கி ஆழமாக மூச்சிழுத்தாள். ஒன்றுமில்லை. முப்பது வருஷம் அம்மோனியா பாட்டில்களைத் திறந்து மூடியதில், அந்த ஒரு நெடிக்கு மட்டும் அவள் மூக்கு செத்துப்போயிருந்தது. உடன் இருந்தவர்களோ, ஆய்வகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதைதான்" என்று சிரித்த தங்கை, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மூக்கி வெளியே ஓடினாள். தரை துடைக்கும் அம்மா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லா வியாழனும் ஒம்பது மணிக்கு இந்த மருந்துதாம்மா போடுறேன். புள்ளைங்க வர்ற நாளு, சுத்தமா இருக்கட்டும்னு ரெண்டு மூடி சேர்த்தே ஊத்துவேன். ஏம்மா, தப்பு பண்ணிட்டனா?"

"நீங்க இல்லம்மா. நான்தான்."

ஏழு மணிக்கு, சுத்தமான காற்றில் தண்ணீர்க் குழாய். ஒன்பது மணிக்குத் தரை. பத்து மணிக்குக் குழந்தைகளின் ரத்தம். தரை மருந்தின் அம்மோனியா காற்றிலிருந்து அந்த ரத்தத்தில் கலந்து எண்ணை ஏற்றியிருக்கிறது. உள்ளே வந்து ஒரு குழாயில் தண்ணீர் ஊற்றித் திறந்து வைத்து, சற்று நேரம் கழித்து அளந்தாள். வெறும் தண்ணீருக்கு நோய் வந்திருந்தது.

துறைத்தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர். "சும்மா கெடக்குற சங்கை ஏன் ஊதிக் கெடுக்குறீங்க? இனிமே சரியா அளந்துட்டுப் போங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"ரெண்டு வருஷமா முட்டை திங்காத புள்ளைக்கு என்ன சார் பதில் சொல்றது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலி வேறொருவருக்குப் போனது. ஏழு வீடுகளுக்கும் தானே நேரில் போய் விஷயத்தைச் சொன்னாள். ஒரு வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். அதையும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கண்டக்டர் அம்மாவின் மகளுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண் சாதாரணம். ஆனாலும் வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்றார் மருத்துவர். அவித்த முட்டை ஒன்றைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். பக்கத்தில் மருந்தும் ஊசியும் தயாராக இருந்தன. மூத்தவனை நினைத்தோ என்னவோ, தாய் முட்டையை மெல்ல மெல்ல உரித்தாள். பெண்ணோ இரண்டே கடியில் முடித்துவிட்டு, கிண்ணத்தில் இருந்த இன்னொன்றைப் பார்த்தாள்.

"அது எண் வந்தப்புறம், கண்ணு" என்றாள் மூக்கி.

அந்த இரண்டு மணி நேரத்தைப்போல நீளமான நேரத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ரத்தம் பனிக்கட்டியில் வந்தது. தண்ணீர்க் குழாயையும் அதோடு சேர்த்தே அளந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. எண் அசையவே இல்லை. பெண்ணுக்கு எந்த நோயும் கிடையாது.

காகிதத்தைத் தாயிடம் கொடுத்தாள். "மன்னிச்சிடும்மா" என்றாள்.

தாய் அந்தக் காகிதத்தை நாலாக மடித்தாள். "அவங்கப்பா முட்டை சாப்பிட்டு எந்திரிச்சதும் இவ தட்டை எடுத்து மோந்து பார்ப்பா டாக்டரம்மா" என்றாள். "ரெண்டு வருஷம்." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று மூக்கியும் எதிர்பார்க்கவில்லை. மூக்கி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

முழங்கையை யாரோ தொட்டார்கள். பெண் நின்றிருந்தாள், கையில் இரண்டாவது முட்டையோடு.

"அழாதீங்க. உங்களையும் முட்டை சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களா?"

அதைச் சரிபாதியாகப் பிட்டு, ஒன்றை நீட்டினாள். மூக்கி வாங்கித் தின்றாள்.