எனக்கு இடுப்பு வலி இல்லை

எனக்கு இடுப்பு வலி கிடையாது. ஒன்பது வருடமாகவே கிடையாது. நான் சோம்பேறி. அவ்வளவுதான்!

எழுதும்போதே கை கூசுகிறது. பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. உங்களை எனக்குத் தெரியாது, என்னையும் உங்களுக்குத் தெரியாது... அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் வலி உண்மையாகத்தான் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் அண்ணனூரில் எங்கள் தெருவுக்கு அப்போது லாரித் தண்ணீர்தான். நிறைகுடத்தோடு வாசற்படியில் வழுக்கி விழுந்தேன். பத்து நாள் புரளக்கூட முடியவில்லை. பதினோராம் நாள் காலை கண் விழித்தபோது வலி போயிருந்தது. எழுந்துகொள்ளலாம் என்று காலைத் தரையில் வைக்கப் போனேன். அதற்குள் என் வீட்டுக்காரர் டீயோடு வந்து நின்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் அவர். டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்றே அதுவரை தெரியாத மனிதர்.

"இன்னாமே, இன்னிக்கு எப்டி கீது?"

"அப்டியேதான் இருக்குது" என்றேன்.

அந்த ஒரு நாள் மட்டும் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்... நம்புவீர்களா?

அன்று முதல் குடம் தூக்குவது அவர். சிலிண்டர் நகர்த்துவது, துணி பிழிந்து மாடியில் காயப்போடுவது எல்லாம் அவர்தான். நான் சமையலை முடித்துவிட்டு மதியம் இரண்டு மணி நேரம் படுப்பேன். படுத்து என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஒன்றுமே செய்யவில்லை. புத்தகம் படிக்கவில்லை, சாமி பெயரைச் சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, போகிற ரயில் ஆவடிப் பக்கமா, சென்ட்ரல் பக்கமா என்று சத்தத்தை வைத்து யூகித்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு சுகம்! கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிக் கிடந்ததே இல்லை.

சும்மா படுத்திருக்கிறேன் என்று ஒரு பொம்பளை சொல்ல முடியுமா? கொஞ்சம் உட்கார்ந்தாலே 'உடம்பு சரியில்லையா?' என்றுதானே கேட்கிறார்கள்! அவர்கள் கொடுத்த காரணத்தையே நான் எடுத்துக்கொண்டேன்... இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாகப் பேசிப் பார்ப்பதுண்டு. ஆனால் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற மனிதர் தலையில் அல்லவா என் வேலையை வைத்தேன்?

போன வருடம் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் பெயர் நித்யா. அவளும் அம்பத்தூரில்தான் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலை ஏழரை ரயிலுக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகும். வாரத்தில் ஆறு நாளும் இப்படித்தான். ஞாயிறு மட்டும் ஒன்பது மணி வரை தூங்குவாள். வாயைத் திறந்துகொண்டு, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.

பக்கத்து வீட்டு அம்மாதான் ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, மகாராணி இன்னும் எழுந்துக்கலியா? மாமியா இடுப்ப புடிச்சிகினு கோலம் போடுது, மருமவ இழுத்துப் போத்திகினு தூங்குது. நல்லா கீதுக்கா ஒங்க ஊட்டு நாயம்!"

நான் சிரித்தேன்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. என் மேல் அவருக்கு உயிர். அதுதான் வினையாயிற்று! நித்யா எழுந்து வந்ததும் கேட்டார்.

"இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாமா. தூக்கம் வந்துச்சு, தூங்கினேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! ஒன்பது வருடமாக என் வாயில் வராத வார்த்தை.

"ஒங்க அத்த இடுப்பு ஒடிஞ்சி கீது. அதுவே அஞ்சு மணிக்கு எழுந்து நிக்குது. வயசுப் பொண்ணு நீ... இவ்ளோ சோம்பேறித்தனம் ஆவாதும்மா."

நித்யா என்னைப் பார்த்தாள். 'அவளை விடுங்க, எனக்கு வலியே இல்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் கை என்ன செய்தது தெரியுமா? தானாக இடுப்புக்குப் போயிற்று...

அடுத்த ஞாயிறு அவள் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், துணி முழுவதையும் பிழிந்து மாடிக்குத் தூக்கிப் போனாள். "பாத்தியாமே, ஒரு வாட்டி சொன்னா கேட்டுக்குது. தங்கமான பொண்ணு!" என்று அவருக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டு அம்மாகூட மெச்சிக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

போன வாரம் ஒரு நாள் அவள் வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகிவிட்டது. "ரயில்லயே தூங்கிட்டேன் அத்தை. ஆவடியெல்லாம் தாண்டிப் போயிட்டேன், ஒருத்தரும் எழுப்பல!" என்று சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

சொல்லிவிடலாம்தான். என் வீட்டுக்காரர் திட்டமாட்டார். எனக்குப் பயமே அதுதான். இத்தனை வருடமும் தூக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வேலையெல்லாம் முடித்துவிட்டு, எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு நித்யா என்னிடம் வந்தாள். "குப்புறப் படுங்க அத்தை, தேச்சு விடறேன்."

வேண்டாம் என்றேன். விடவில்லை.

"எனக்குத் தெரியாமப் போச்சு அத்தை. இவ்ளோ வலிய வெச்சுக்கிட்டு நீங்க எழுந்து வேலை செஞ்சிருக்கீங்க, நான் பாட்டுக்குத் தூங்கியிருக்கேன். எங்கம்மாவும் என்னை சோம்பேறின்னுதான் திட்டும். நெஜந்தான் போல..."

நீ சோம்பேறி இல்லையடி என் கண்ணே, என்று தொண்டை வரை வந்தது. அவள் விரல்கள் சின்னவை. வெதுவெதுப்பான எண்ணெயில் இதமாக இருந்தது... அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். "இங்கயா அத்தை வலிக்குது?"

"கொஞ்சம் கீழம்மா" என்றேன்.