ஊழியர் ‘ஆ’வின் நேரம்

போன வாரம் காலை ரயிலில், பங்காருப்பேட்டை தாண்டியதும், எனக்குப் பின்னால் யாரோ நீலகிரித் தைலத்தைத் திறந்தார்கள். நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த நான் சட்டென்று திரும்பிவிட்டேன். ஜலதோஷம் பிடித்த ஒரு கல்லூரிப் பெண். நான் பார்த்த பார்வையில் மிரண்டே போனாள். நான் தேடியது ஸ்டெல்லாக்காவை என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

ஸ்டெல்லாக்கா மாரிகுப்பத்துக்காரர். ரயில் புறப்படுவதே அங்கிருந்துதான் என்பதால் அவருக்கு எப்போதும் ஜன்னலோரம் கிடைத்துவிடும். பக்கத்து இடத்தில் தன் கைக்குட்டையைப் போட்டுவைப்பார். நடுவழியில் ஏறும் எனக்கு அந்த இடம். கைக்குட்டை முழுக்கத் தைல வாசனை. புத்தகத் தூசி அவருக்கு ஆகாது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசியைத் தின்று வளர்ந்தவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று கேலி செய்வேன். “அது நம்ம ஊரு தூசி, ஒடம்புக்குப் பழக்கம். இது பெங்களூரு தூசிம்மா” என்பார்.

பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியின் நூலகத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் உதவி நூலகர், அவர் ஒப்பந்தத்தில் அட்டெண்டர். நூலகர் நாற்காலி காலியாகவே கிடந்தது. அதில் ஒருநாள் உட்காரலாம் என்ற நப்பாசையில் நான் அஞ்சல் வழியில் நூலக அறிவியல் முதுகலை சேர்ந்தேன். அதில் ஒரு தாள் மேலாண்மை. நூலகங்களையும் தகவல் மையங்களையும் எப்படி நிர்வகிப்பது என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. நான் நிர்வகிக்க இருந்ததோ இரண்டு மேஜையும் ஒரு மின்விசிறியும். ஓர் ஊழியருக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்க வேண்டும் என்ற விதியை வீட்டில் சத்தமாகப் படித்தேன். சுரங்கம் மூடும்வரை அதிலேயே வேலை பார்த்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “ஷாஃப்ட்டுல எறங்கனா எனக்கு நாலு மேஸ்திரி. இத எழுதனவன் கேஜுல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்கியே இருக்க மாட்டான்.”

வீட்டுக்குப் போய்ச் சேரவே இருட்டிவிடும், அதற்குமேல் எங்கே படிப்பது? ஸ்டெல்லாக்காதான் வழி சொன்னார். “நீ பின்னால ஒக்காந்து படிச்சிக்கினு இரும்மா. கவுண்டர நா பாத்துக்கறேன்.” பார்த்துக்கொண்டார். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அடுக்குவது, பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் அவர்தான். யாராவது என்னைக் கேட்டால் “மேடம் வேலையா கீறாங்க” என்பார். மேடம் அலமாரிக்குப் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்து, பணிப்பகிர்வைப் பற்றிய பாடத்துக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பாள். சாயங்கால ரயிலில் “இன்னிக்கி இன்னா படிச்ச?” என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல, புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டுவார். இன்றைக்கு என்ன செய்தாய் என்று என்னை யாரும் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

அந்தத் தாளுக்கு ஒரு செய்முறைக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஒரு வாரம் நூலக ஊழியர்களைக் கவனித்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று படிவத்தில் குறிக்க வேண்டும். பெயர் கூடாது, எழுத்துதான். நான் ஊழியர் ‘அ’, அக்கா ஊழியர் ‘ஆ’. கைக்கடிகாரமும் நோட்டுமாக நான் உட்கார்ந்ததும் அக்காவுக்கு ஒரே குஷி. போட்டோ எடுக்கப் போகிறவர் மாதிரி தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார். “என்னைப் பத்தியா பரிட்சைக்கு எழுதற?” என்று கேட்டுவிட்டு, எனக்கு நல்ல மார்க்கு வர வேண்டும் என்பதற்காக வழக்கத்தைவிட வேகமாக ஓடி ஓடி அடுக்கினார். நான் அத்தனையையும் நிமிடம் பிசகாமல் எழுதினேன். ‘இந்நூலகத்தின் அன்றாடப் பணிகள் அனைத்தையும் ஓர் ஊழியரே செய்து முடிக்க இயலும்’ என்று முடித்தேன். கணக்கில் தப்பே இல்லை. ஓர் ஊழியர்தானே செய்துகொண்டிருந்தார்.

கட்டுரையில் நிறுவனத்தின் கையெழுத்து வேண்டும் என்று நிர்வாக அதிகாரியிடம் கொண்டுபோனேன். நின்றபடியே படித்தவர் கடைசிப் பக்கம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். “சென்னாகிதே” என்று கன்னடத்தில் பாராட்டி, ஒரு நகல் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தபோதுதான் உறைத்தது. ஒருவர் போதும் என்றார்கள். அந்த ஒருவர் படித்தவராக இருக்கட்டும் என்றார்கள். அதே வாரம் என் கட்டுரை திருத்தப்பட்டு வந்தது. மதிப்பெண் நன்றாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கேள்வி: ‘இந்த நேரத்தில் ஊழியர் அ என்ன செய்துகொண்டிருந்தார்?’

முகம் தெரியாத யாரோ ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அக்காவின் ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்தத் தாளை அதிகாரியிடம் காட்டி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும். நான் பயந்தேன், அவ்வளவுதான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் ரயிலில் அக்காதான் எனக்குத் தைரியம் சொன்னார். “அவ்ளோ பெரிய மைன்ஸயே மூடனாங்க, இது இன்னா. நீ பாஸாயிட்டியா?”

“ஆயிட்டேங்க்கா.”

“அது போதும்.”

அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் தனியாளாக நான் அந்த நூலகத்தை நடத்திய அழகைச் சொல்லி மாளாது. அடுக்காத புத்தகங்கள் மேஜையில் மலையாகக் குவிந்தன. வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு அந்தக் கூடத்தைக் கம்ப்யூட்டர் அறையாக்கினார்கள். நூலகர் நாற்காலி எந்த அறைக்குப் போனதோ. நான் ஒரு கம்பெனியில் கோப்புகளை வகைப்படுத்தும் வேலைக்கு மாறினேன். அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

போன வாரம் ரயிலில் வந்த அந்தத் தைல வாசனை நான்கு நாள் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. கூரையில் பாதி ஓடுகளைக் காணோம். குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஸ்டெல்லாக்காவா? அவுங்கள பொண்ணு வந்து கூட்டிக்கினு போயி ரொம்ப நாளாச்சே. எந்த ஊருன்னும் தெர்ல, நம்பரும் இல்ல. நீங்க அவுங்களுக்கு இன்னா வேணும்?”

“ஒண்ணா வேல செஞ்சோம்” என்றேன்.

அதுவும் பொய்.