சூளைக்குப் போகாத எழுத்து

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. ஐந்து பேருடைய ரேங்க் கார்டிலும் கைநாட்டு வைத்தவள் நான்தான். வேறு யாரையும் வைக்க விட்டதில்லை.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் டீச்சர். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்கள் கூடும் இடத்தில் படிக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறையில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைப் பொம்மையின் ஓரங்களை ஈரப் பஞ்சால் துடைத்துச் சரிசெய்ய வேண்டும். பட்டறைப் பெண்கள் ஒன்பது பேர், வேலை முடிந்ததும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்து கற்கப் போனோம். டீச்சர் என் கடைசி மகளைவிடச் சின்னவர். அன்பானவர்தான். ஆனால் நோட்டைக் கொடுத்தால் சிவப்புப் பேனாவை எடுப்பார். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க வட்டமும் பெருக்கல் குறியும். பேத்தி பார்த்துவிடக் கூடாதென்று அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாள் இடுப்பு வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

ஆசை மட்டும் நிற்கவில்லை. இந்த வயதில் விட்டால் பிறகு ஏது? கைநாட்டோடுதான் போய்ச்சேருவோம் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் டீச்சர் பட்டறைக்கே வந்துவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்க வந்தவர், பலகையில் காய்ந்துகொண்டிருந்த யானையைப் பார்த்ததும் ஆசையாகத் துதிக்கையைப் பிடித்துத் தூக்கினார். பச்சைப் பொம்மையை அடியில் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும். துதிக்கை மட்டும் கையோடு வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, ஒடச்சிட்டேனே! மன்னிச்சிடுங்கம்மா.”

“எதுக்கு டீச்சர் பயப்புடுறீங்க? இந்த வாரம் நானே ரெண்டு குதிரைய ஒடச்சேன்” என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

“ரெண்டா? வாய் கூசாம சொல்றா பாரு. அஞ்சுடீ!” என்றாள் இன்னொருத்தி.

நான் துண்டுகளை வாங்கி மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். “கரைஞ்சு கூழாயிடுங்க. மறுபடி அச்சுல ஊத்திக்கலாம். சூளைக்குப் போறதுக்கு முன்னாடி ஒடஞ்சா ஒடஞ்சதே இல்ல, டீச்சர். வெந்த பொறவு ஒடஞ்சாதான் குப்ப.”

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “நான்தான் உங்க எழுத்தப் பச்சையிலயே சூளையில வெச்சிட்டனாம்மா?”

நான், “நாளைக்கு எனக்கு இடுப்பு வலிக்காதுங்க” என்றேன்.

மறுநாள் போனால் ஒன்பது சிலேட்டு, ஒன்பது ஈரத்துணி. சிவப்புப் பேனா கண்ணில் படவில்லை. தப்பை நாங்களே துடைத்தோம். அம்மா, ஆடு எல்லாம் அப்புறம். முதலில் எழுதியது அச்சு, மண், சூளை. டீச்சர் ஒன்று கேட்டால் பதிலுக்கு அவசரப்படுத்தாமல் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் எனக்கு எழுத்து நினைவுக்கு வரும். யாரையும் எழுப்பி நிற்கவைக்க மாட்டார். பக்கத்தில் வந்து குந்தி, காதோடு கேட்பார். நோட்டு வேண்டுமென்று நாங்களாகக் கேட்கும்வரை கொடுக்கவில்லை. நான் கேட்க நாலு மாதம் ஆயிற்று.

படிக்க வருகிறவர் நின்றுபோனால், அவர் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். எங்கள் டீச்சர் வந்தார். அந்தப் புண்ணியத்தில் போன மாதம் பேத்தியின் ரேங்க் கார்டில் நான் கையெழுத்துப் போட்டேன். மகனைப் போட விடவில்லை.

எழுதி முடித்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன். “பாப்பா, இங்க வா. இத சத்தமா படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா சொல்லு, பென்சில்லதான் எழுதியிருக்கேன். மொதல்ல அந்தச் செவப்புப் பேனாவக் கீழ வை.”