நிறுத்திவிட்டுப் போன ஆட்டம்

என் அண்ணன் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடையில் பதினெட்டு வருஷமாக ஒரே மேசை. கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு இழுப்பார். அப்போது யாராவது பேசினால் பிடிக்காது. சத்தம் சீராக வந்தால் கண்ணாடி சொன்னபடி கேட்கும். நடுவில் விட்டுப்போனால் அந்த இடத்தில் தன் இஷ்டத்துக்கு உடையும். போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தரம் இழுக்கவும் முடியாது. கடையில் அவருக்கு 'ஒரே கோடு' என்று பட்டப்பெயர்.

போன வருஷம் வண்டியிலிருந்து பெரிய கண்ணாடி ஒன்றை இறக்கும்போது, மறுமுனையைப் பிடித்திருந்த டிரைவரின் பிடி நழுவியது. அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துபோனது. டிரைவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணியிடம், "என் கைதாம்மா நழுவிச்சு, வேற யார் மேலயும் தப்பில்ல" என்று சொல்லி அழுதார். யாரும் அவரைக் கேட்கவே இல்லை. அதற்குள் சொல்லிவிட்டார்.

தையல் பிரித்த பிறகு, விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். டிரைவர் தன் வீட்டிலிருந்து பழைய கம்ப்யூட்டர், கன்ட்ரோலர், ஒரு வீடியோ கேம் எல்லாவற்றையும் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்தார். யாரோ இரண்டு பேர் சேர்ந்து புதிதாகச் செய்த கேம்தான். ஆனால் பார்த்தால் பழைய காலத்தது போல, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். விரலளவு வீரன் ஒருவன் கத்தியோடு கிணறு மாதிரியான ஓர் இடத்துக்குள் இறங்குவான். மொத்தம் நாற்பது தளம். வௌவால், முள், உருண்டு வரும் பாறை. ஒரே ஓர் உயிர். செத்தால் ஒரு கல்லறை வரும், அரை மணி நேரம் விட்டால் தானாகப் போய்விடும், ஒரு பட்டனை அழுத்தினால் உடனே போய்விடும். மறுபடி முதல் தளம்.

அண்ணன் அதைக் கேம் என்று சொல்ல மாட்டார். "பயிற்சி" என்பார்.

"உங்க பயிற்சிய அடுப்படியில வந்து பண்ணுங்களேன். வெங்காயம் உரிக்கிறதும் விரல்தானே?" என்பார் அண்ணி. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அவருக்கு இதைச் சொல்லாமல் போக முடியாது.

"வெங்காயம் திருப்பி அடிக்காதே. இது அடிக்கும்."

என் தையல் மிஷினும் அதே கூடத்தில்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அந்த ஜன்னலோரம்தான் என் இடம். பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டே அவர் ஆடுவதைப் பார்ப்பேன். முதலில் மூன்றாவது தளத்திலேயே சாவார். பிறகு ஏழு, பதினொன்று. அடிபட்ட ஆள்காட்டி விரலால்தான் எல்லாப் பட்டனையும் அழுத்துவேன் என்று ஒரு பிடிவாதம். ஏணிக்குக் கீழே அரை அடி தள்ளி நின்று, வௌவால் இறங்கும்வரை காத்திருந்து வெட்டுவார். "அவசரப்பட்டா அம்போதான், பாப்பா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஆடுவார்.

நான்கு மாதம் கழித்து ஒரு வீரன் முப்பதைத் தாண்டினான். அன்றைக்கே முதலாளிக்குப் போன் போட்டார். "இவன் நாப்பதத் தொடட்டும், மறுநாள் மேசைக்கு வந்துடறேன்." முதலாளி சிரித்திருப்பார் போல. மாதக் கடைசிவரை மேசையைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னாராம்.

அடுத்த திங்கட்கிழமை காலை, டாக்டரிடம் போக நேரமாகிவிட்டதால், முப்பத்தொன்றாவது தளத்தின் நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். அண்ணி ஏற்கனவே வேலைக்குப் போயிருந்தார்.

வீரன் கத்தியைத் தூக்கியபடி நின்றான். ஒரே ஒரு ஏணி இறக்கிவிட்டு மறுபடி நிறுத்திவிடலாம் என்றுதான் கன்ட்ரோலரை எடுத்தேன். ஏணி இறங்கினேன். என் கை அதற்கு முன் அதைத் தொட்டதே இல்லை. ஆனாலும் எங்கே நிற்க வேண்டும், எப்போது குதிக்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. எனக்கு வியர்த்தது, சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று நினைவில்லை. முப்பத்துநான்காவது தளத்தில் பாறை ஒன்று பின்னால் இருந்து வந்தது.

கல்லறையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்திக் கல்லறையைப் போக்கிவிட்டு மிஷினுக்கு ஓடினேன்.

அண்ணன் திரையைப் பார்த்தார். முதல் தளம்.

"கரெண்டு போச்சா, பாப்பா?"

"இல்லண்ணா."

"நிறுத்திட்டுத்தானே போனேன்?"

நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தும் பட்டனை அழுத்திப் பார்த்தார். விட்டார். மறுபடி அழுத்தினார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஒரு முறை விரல் சறுக்கியது. அப்படியே தன் விரலைப் பார்த்தபடி இருந்தார்.

"அழுத்துனேன்னு நெனச்சிருக்கேன். அழுத்தல. அவன் பாட்டுக்கு நின்னு செத்திருக்கான்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஆறு வார்த்தைகூட வேண்டியதில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய துணி பதினான்கு இருக்கிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அவர் முதலாளியிடம் பேசியபோதும் நான் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன்.

"வேற ஆளப் பாத்துக்குங்க. விரலு எங்கிட்டயே பொய் சொல்லுது. கண்ணாடியில அது ஆகாது."

அதன் பிறகு கன்ட்ரோலரைத் தொடவில்லை. டம்ளரை இடது கையால் எடுத்தார். சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிட வேண்டும் என்றார். வெளியே கிளம்பினால், பூட்டிய தெருக்கேட்டுக்குத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்; வீட்டிலிருக்கும் எங்களிடம் வேறு சாவி உண்டு. நாலடி நடந்து மறுபடி வருவார். "பூட்டினேனா?" ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே தைத்தேன். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் அவர் மூன்றாவது முறை திரும்பி வந்தபோது வீட்டுக் கதவைத் திறந்து சொல்லிவிட்டேன். "நாந்தாண்ணா ஆடினேன். நீங்க சரியாத்தான் நிறுத்தியிருந்தீங்க."

அவர் சிரித்தார். "நீயா? பக்கத்து வீட்டம்மா கதவத் தட்டினாலே உள்ள ஓடிப்போற ஆளு நீ. என்னத் தேத்தறதுக்குப் பொய்யெல்லாம் சொல்லாதே."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணியும், "நல்ல மனசுதான். ஆனா இந்தப் பொய்யக் கொஞ்சம் பொருத்தமாச் சொல்லக் கூடாதா?" என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கூடத்துக்குப் போய் கன்ட்ரோலரை எடுத்தேன். முதல் ஆட்டத்தில் இரண்டாவது தளத்திலேயே செத்தேன். "பரவால்ல, விடு பாப்பா" என்றார். அடுத்தது ஐந்து. அதற்கடுத்ததில் அவர்கள் இருப்பதை மறந்துவிட்டேன். பன்னிரண்டு, பதினைந்து, பத்தொன்பது. ஏணிக்கு அரை அடி தள்ளி நின்றேன். வௌவால் இறங்கக் காத்திருந்து வெட்டினேன்.

அண்ணி, "அட பாவி" என்றார்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். மேசைக்கு முந்தாநாள்தான் புது ஆள் வந்திருக்கிறார். அவரை எப்படி எழுப்பிவிடுவது என்று கேட்டாராம் முதலாளி. வீடுகளுக்குப் போய் ஜன்னல் அளவெடுக்கிற வேலை இருக்கிறதாம், இஷ்டமிருந்தால் வரலாமாம்.

நான் அழுதேன். "திட்டுங்கண்ணா."

"கேம் போனாப் போவுது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஒம்போது நாள் நான் பூட்டப் பிடிச்சு இழுத்துட்டு நின்னேன். நீ ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டிருந்த."

மறுநாள் அவர் அளவெடுக்கக் கிளம்பிய பிறகு, நானாகவே அந்தக் கடைக்குப் போனேன். நான்கு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். முதலாளியிடம் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன்.

"கேமுக்கும் கண்ணாடிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்தார். "புது ஆளுக்கு வியாழக்கிழம லீவு. அன்னிக்கு உங்கண்ணன் வந்து வெட்டட்டும். விரலு எப்படின்னு பாக்கலாம். அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்ல முடியாது."

"உன்ன யாரு அங்க போகச் சொன்னது?" என்று அன்று அண்ணன் கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை காலை கட்டரைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும் என் மிஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, அன்று எந்தக் கண்ணாடி முரண்டு பிடித்தது, டிரைவர் என்ன உளறினார் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அன்று வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போனார். மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்தேன்.

"எட்டு வெட்டினேன்" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எட்டும் சுத்தம். அடுத்த வியாழனும் வரச் சொல்லியிருக்காங்க."

அண்ணி ஏதோ கேட்டார். அண்ணன் சிரித்தார். பதில் சன்னமாக இருந்தது, எனக்குக் கேட்கவில்லை.