ஆறு தட்டுப் பாசிப்பயறு

நிலவில் விண்கலம் இறங்கியதைச் செல்போனில் நேரலையாகப் பார்த்துக் கைதட்டிய அதே மனிதர்கள், அதே மில்லில் உட்கார்ந்து, ஒரு கண்டெய்னர் சரக்கு கெட்டதற்கு ஒரு பெண்ணின் மாதவிடாய்தான் காரணம் என்று முடிவு செய்தார்கள். இந்த முடிவை ஆறே தட்டுப் பாசிப்பயறை வைத்து உடைத்தவர் செவந்தி.

செவந்திக்கு வயது நாற்பத்து மூன்று. படிப்பு எட்டாம் வகுப்பு. கீரமங்கலத்துக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு நார் மில்லில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது தூள் கொட்டும். அந்தத் தூளைக் கழுவி, களத்தில் காயவைத்து, கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில் தக்காளி பயிரிடுகிறார்கள். தூளில் இயல்பாகவே உப்பு இருக்கும். அது போகத்தான் தொட்டியில் மூன்று முறை தண்ணீர் விட்டு அலசுவது.

அலசுவதும் காயவைப்பதும் இருபத்து மூன்று பெண்களின் வேலை. மோட்டார் அறைக்குள் பெண்கள் போகக்கூடாது. மாதத்தில் மூன்று நாள் களத்தில் இறங்கவும் கூடாது. மேஸ்திரியிடம் "தூரம்" என்று சொல்லிவிட்டு, மட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளுக்குக் கூலி கிடையாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

சித்திரையில் அனுப்பிய சரக்கில் உப்பு அதிகம் என்று தூத்துக்குடியிலேயே நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி பெரியண்ணன் இரண்டு நாள் விசாரித்தார். உப்பு அளக்கும் மீட்டர் அலுவலக அலமாரியில், பேட்டரி தீர்ந்து கிடந்தது. அவர் அதைத் தேடவில்லை. குற்றவாளியைத் தேடினார். இருபத்திரண்டு வயது வைஷ்ணவி, கூலி போய்விடுமே என்று, தூரமான நாளை மறைத்துக் களத்தில் இறங்கியதைக் கண்டுபிடித்தார். அப்பாவின் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை புதுக்கோட்டைக்குப் போகிற குடும்பம் அது.

"மறைச்சுக்கிட்டு வேலை பாத்திருக்கு மொதலாளி. அப்பறம் சரக்கு எப்படி வெளங்கும்? இன்னையோட நிறுத்திருவோம்" என்றார் பெரியண்ணன்.

முதலாளி ராம்நாத் திருமயம் பக்கத்து வணிகக் குடும்பம். சென்னையில் படித்தவர். "எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல மேஸ்திரி. ஆனா வேலை நடக்கணும்ல, அவங்கவங்க வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். மூடநம்பிக்கையை நம்புகிறவர்கள் காப்பாற்றியதைவிட, நம்பாமல் ஒத்துப்போகிறவர்கள் காப்பாற்றியதுதான் அதிகம்.

வைஷ்ணவி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது செவந்தி அலுவலகத்துக்குள் வந்தார்.

"மொதலாளி, எட்டு நாள் குடுங்க. அந்தப் புள்ளைய வேலைய விட்டு நிறுத்துறதா வேணாமாங்கிறத அதுக்கப்பறம் சொல்லுங்க."

"எட்டு நாள்ல என்ன செய்யப் போற, முளைப்பாரி போடப் போறியா?" என்று பெரியண்ணன் சிரித்தார்.

"ஆமாண்ணே. அதேதான். நீங்களும் போடப் போறீங்க."

"நானா? எனக்குக் கும்மி வராதே ஆத்தா."

"கும்மி வேணாம். வெதைச்சாப் போதும்."

அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதில் செவந்திக்கு ஊரில் பெயர் உண்டு. எந்தத் தெருக்குழாய் உப்பு, எந்தத் தண்ணீர் விட்டால் மூன்றாம் நாளே நுனி கருகும் என்பது அவருக்குத் தெரியும். சாமி பெயரால் ஆண்டுதோறும் செய்த தண்ணீர்ச் சோதனை அது. சோதனை என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தூரமான பெண் பக்கத்தில் போனாலே முளைப்பாரி அழுகிவிடும் என்பதும் அந்த வழக்கத்தின் ஒரு பகுதி.

"நான் இன்னைக்கு ரெண்டாம் நாள் மொதலாளி" என்றார் செவந்தி. "என் கையாலதான் வெதைக்கப் போறேன்."

ராம்நாத் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். இந்த வார்த்தையை ஒரு பெண் அந்த அறையில் நிமிர்ந்து சொன்னது அதுதான் முதல் தடவை. "சரி, செய்யுங்க" என்றார் கடைசியில். 'செய்' என்று சொல்லிப் பழகியவர் 'செய்யுங்க' என்றார்.

அடுத்து செவந்தி செய்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. ஒரே குவியலில் இருந்து, நன்றாக அலசிய தூளை ஆறு தட்டில் நிரப்பினார். ஒரே பொட்டலத்துப் பாசிப்பயறைத் தட்டுக்கு ஐம்பது என்று எண்ணி வைத்தார். மூன்று தட்டில் அவர் விதைத்தார். மூன்று தட்டில் பெரியண்ணன் விதைத்தார், அதுவும் குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு. பிறகு தண்ணீர். ஆளுக்கு ஒரு தட்டுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், ஒரு தட்டுக்கு மூன்றாவது முறை அலசி வடித்த தண்ணீர், ஒரு தட்டுக்குக் கழிவுக் குட்டையில் நிற்கும் கருந்தண்ணீர்.

"குட்டைத் தண்ணி எதுக்கு?" என்றார் பெரியண்ணன், குரல் கொஞ்சம் இறங்கி.

"சும்மா, இருக்கட்டும்ணே."

முளைப்பாரியைப்போல இருட்டில் மூடி வைக்கவில்லை. எல்லாரும் போகிற வழியில், வெளிச்சமான நிழலில் வைத்தார். மூன்று தண்ணீர், இரண்டு கை, ஆறு தட்டு. கையின் குற்றமா தண்ணீரின் குற்றமா என்பதைக் குழப்பாமல் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தும் இந்த முறையைக் கண்டடைய உலகின் பெரிய மூளைகளுக்குத் தலைமுறைகள் ஆயின. செவந்திக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தியின் பிழைப்பு போகக்கூடாது என்ற தவிப்பு சொல்லிக் கொடுத்தது.

எட்டாம் நாள் மில்லே தட்டுகளைச் சுற்றி நின்றது. செவந்தியின் கிணற்றுத் தண்ணீர்த் தட்டு விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேல் என்று நின்றது. பெரியண்ணனுடையதும் அப்படியே. மூன்றாம் அலசல் தண்ணீர் விட்ட இரண்டு தட்டுகளும் அவற்றுக்கு இளைத்தவை அல்ல. குட்டைத் தண்ணீர் விட்ட இரண்டில்தான் பாதி முளைக்கவே இல்லை. முளைத்தவையும் நுனி கருகித் தலை சாய்ந்திருந்தன. அதில் ஒன்று தீட்டுக் கை விதைத்தது. மற்றது திருநீற்றுக் கை விதைத்தது. இரண்டும் ஒன்றுபோல் செத்திருந்தன.

"அண்ணே, ஒங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்க, களமே சிரித்தது.

பெரியண்ணன் சிரிக்கவில்லை. "சித்திரையில போர்ல தண்ணி ஏறல மொதலாளி" என்றார். "நான்தான் குட்டையில ஓஸப் போட்டு, கடைசி அலசலுக்கு அதை விட்டேன். தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சேன். அந்தப் புள்ள மேல பழி போடணும்னு இல்ல. நெசமாவே அதுதான் காரணம்னு நெனச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. கண்முன்னே ஓஸ் கிடந்தும் பெண்ணின் உடம்பில் காரணம் தேட வைத்ததே, அதுதான் அந்த நம்பிக்கையின் கொடூரம். ஓஸ் போட்டதைச் செவந்தி அன்றே களத்திலிருந்து பார்த்திருக்கிறார். மோட்டார் அறை விவகாரத்தில் பொம்பளைக்கு என்ன பேச்சு என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாராம்.

ராம்நாத் ஆள் அனுப்பி மீட்டருக்குப் பேட்டரி வாங்கிப் போட்டு, மூன்று தண்ணீரையும் அளந்தார். தட்டுகள் சொன்னதையே அதுவும் சொன்னது. எல்லாரும் கலையப் போகும்போது செவந்தி மூன்றாம் அலசல் தட்டைக் கையில் எடுத்தார்.

"இது இம்புட்டு நல்லா வந்திருக்கே மொதலாளி, இந்தத் தண்ணிய எதுக்கு வெளிய விடுறோம்? அடுத்த தொட்டிக்கு ரெண்டாவது அலசலுக்கு இதையே விட்டு, அதுல வடியுறத இன்னொரு தொட்டிக்கு மொத அலசலுக்கு விடலாம்ல? கடைசி அலசலுக்கு மட்டும் போர்த் தண்ணி போதும்."

அப்படியே செய்ததில், குட்டை நிரம்பி ஊர்க் கண்மாய்க்குப் போன கருந்தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சத்தையும் இப்போது கண்மாய்க்கு விடுவதில்லை, தென்னைக்குப் பாய்ச்சுகிறார்கள். உப்பைத் தென்னை தாங்கும். பூமிக்கடியில் ஆயிரம் அடிக்குத் துளை போட்டு நீர் தேடும் ஊரில், நீரை மிச்சப்படுத்தும் வழி பதினான்கு ஆண்டுகளாகக் களத்தில் குனிந்து நின்றிருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

வைஷ்ணவியைக் கூப்பிட ராம்நாத்தே வீட்டுக்குப் போனார். தப்பு நடந்துவிட்டது என்றார். வைஷ்ணவி வாசல்படியை விட்டு இறங்கவில்லை.

"அந்த மூணு நாள் சட்டத்த எடுத்தா வாரேன் சார். முடியாதவங்க ஒக்காரட்டும், கூலியோட. முடியுறவங்க வேலை பாக்கட்டும். அதை நாங்க சொல்லிக்கிறோம், மேஸ்திரி சொல்ல வேணாம்."

திங்கட்கிழமை வைஷ்ணவி வந்தார். இப்போது மோட்டார் அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எந்தத் தண்ணீர் எந்தத் தொட்டிக்கு என்று தீர்மானிப்பவர் செவந்தி. ஒவ்வொரு சரக்கின் தூளையும் ஆறு தட்டில் நிரப்பி, நல்ல தண்ணீர் விட்டு விதைத்துப் பார்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. யார் கைக்கு எட்டுகிறதோ அவர் விதைக்கிறார்.

பெரியண்ணன் முழுதாக மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். காலையில் கேட்டைத் திறந்ததும் முதலில் தட்டுகளிடம்தான் போகிறார். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

"ஏம்மா வைஷ்ணவி, இதெல்லாம் வெதைச்சது யாரு?"

"சொல்ல மாட்டேன். தீட்டுக் கை பட்டாப் பாத்தாலே தெரியும்னுதான அண்ணே சொல்லுவீங்க? பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிகிறார். ஆறும் பச்சையாக நிற்கின்றன.